பாரிஸ் நகரில் பாரத மொழிகள் பயின்றோர்

கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து செல்லுதல் நம்மவர்க்குப் புதிதன்று. லண்டன் சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றோரையும், எடின்பரோ சென்று மருத்துவம் பயின்றோரையும் நாம் நன்கு அறிவோம். ஆனால் நம் நாட்டு மொழிகளைப் பயில்வதற்கென்றே ஓர் ஐரோப்பியத் தலைநகரை நாடிச் சென்ற மாணவர் கூட்டமும் ஒன்று இருந்தது. அவர்கள் இந்தியர் அல்லர், பெரும்பாலும் ஜெர்மானியர். அவர்கள் நாடிய நகரம் காசியும் அன்று, காஞ்சியும் அன்று, பாரிஸ் மாநகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடமொழி பயில விரும்பிய ஐரோப்பிய இளைஞனுக்குப் பாரிஸே குருகுலமாக விளங்கிற்று.

அம்மாணவர்களின் வரலாற்றை இவ்வாண்டு விழா மலர் வாயிலாக நம் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பது பயனுடையது என்று கருதுகிறோம். மண்ணை விட்டு நீங்கிய மொழி எதனால் உயிர் வாழ்கிறது, எதனை இழக்கிறது என்னும் வினா, தமிழகத்துக்கு வெளியே பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு நாள்தோறும் எழும் வினாவாகும். அதற்கு ஒரு விடை பாரிஸில் உண்டு.

ஏடுகள் முன்னே சென்றன

ஆசிரியரும் மாணவரும் தோன்றுதற்கு முன்பே ஏடுகள் பாரிஸை அடைந்துவிட்டன. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மன்னரின் நூலகத்தை மேற்பார்த்து வந்த பிஞோன் என்னும் அறிஞர், கீழை நாடுகளிலிருந்து கையெழுத்துச் சுவடிகளைத் திரட்ட முயன்றார். கருநாடகப் பகுதியிலும் வங்காளத்துச் சந்திரநாகூரிலும் வாழ்ந்த சேசு சபைப் பாதிரிமார் அவருக்குத் துணை நின்றனர். வடமொழி, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளில் அமைந்த சுவடிகள் கப்பலேறின. 1739-ஆம் ஆண்டில் வெளியான அந்நூலகத்தின் அட்டவணையில் இந்தியச் சுவடிகளுக்குத் தனியிடம் தரப்பட்டது.

ஆயினும் அவற்றைப் படிப்பார் ஒருவரும் இலர். பெட்டியில் வைத்த விதைநெல்லைப் போல அச்சுவடிகள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிக் கிடந்தன. அவற்றை அனுப்பியவருள் ஒருவரான போன்ஸ் பாதிரியார், வடமொழி இலக்கணம் ஒன்றை இலத்தீன் மொழியில் எழுதி உடன் அனுப்பியிருந்தார். அச்சேறாத அந்தக் கையேடு, பின்னாளில் ஷேஸி என்னும் பிரெஞ்சு இளைஞர் தாமே வடமொழியைக் கற்றுக்கொள்வதற்குத் துணையாயிற்று.

இதற்கிடையில் பிரெஞ்சுப் புரட்சி நிகழ்ந்தது. மன்னர் நூலகம் மக்கள் நூலகமாயிற்று. 1795-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், புரட்சி அரசு வழக்கிலுள்ள கீழைமொழிகளைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை அந்நூலகத்தை ஒட்டியே நிறுவிற்று. அரபு, துருக்கி, பாரசீகம் ஆகியவை முதலில் கற்பிக்கப்பட்டன. வாணிகத்துக்கும் அரசியல் தூதுக்கும் வேண்டிய மொழிகள் அவை. ஆனால் கல்விச்சாலை ஒருமுறை திறந்துவிட்டால் அதனுள் நுழையும் மாணவன் எதனை நாடுவான் என்பதை அரசினர் அறுதியிட இயலாதன்றோ?

போர்க்கைதி ஆசிரியரானார்

1802-ஆம் ஆண்டு இங்கிலாந்தும் பிரான்சும் ஆமியன் என்னுமிடத்தில் உடன்படிக்கை செய்துகொண்டன. அவ்வமைதிக் காலத்தில் அலெக்சாண்டர் ஹாமில்டன் என்னும் ஸ்காத்துலாந்துக்காரர் பாரிஸ் வந்தார். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றி, வங்காளத்தில் வடமொழி பயின்று திரும்பியவர். பாரிஸிலிருந்த சுவடிகளை ஒப்பு நோக்குவதே அவர் கருத்து. ஆனால் 1803 மே மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. பிரெஞ்சு நாட்டிலிருந்த ஆங்கிலேய ஆடவர் கைதிகளாயினர். ஹாமில்டனும் கைதியே. எனினும் பிரெஞ்சு அறிஞர்கள் அவர் பொருட்டுப் பரிந்து பேசியமையால், அவர் பாரிஸிலேயே தங்கி நூலகத்தில் பணி புரிய இசைவு பெற்றார்.

அவர் இரு காரியங்களைச் செய்தார். நூலகத்தின் கீழைச் சுவடிக் காப்பாளர் லாங்கிளே என்பவரோடு சேர்ந்து வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தார். அது 1807-இல் அச்சாயிற்று. மற்றொன்று, தம்மை நாடி வந்த சிலருக்கு வடமொழி கற்பித்தமை. அச்சிலருள் தலையாயவர் பிரெடெரிக் ஷ்லெகல் என்னும் ஜெர்மானியக் கவிஞர். ஷேஸியிடம் பாரசீகம் பயின்ற அவர், பின்னர் ஹாமில்டனிடம் வடமொழி பயின்றார். 1808-இல் இந்தியரின் மொழியையும் ஞானத்தையும் பற்றி அவர் எழுதிய நூல் ஜெர்மானிய நாடெங்கும் புதியதோர் ஆவலை எழுப்பிற்று. அந்நூலிற் கூறப்பட்ட கொள்கைகள் பலவும் பின்னர்த் தள்ளுண்டன. ஆனால் அதனைப் படித்த இளைஞர் சிலர், "நாமும் பாரிஸ் செல்வோம்" என்று புறப்பட்டமைதான் அந்நூலின் உண்மையான பயன். போர் மூளாதிருந்தால் ஹாமில்டன் ஊர் திரும்பியிருப்பார்; ஷ்லெகலுக்கு ஆசிரியர் கிட்டியிரார்.

மெயின்ஸ் நகரத்து இளைஞர்

அவ்வாறு புறப்பட்டவருள் ஒருவர் பிரான்ஸ் பாப். 1791-இல் மெயின்ஸ் நகரில் பிறந்த அவர், தம் ஆசிரியர் விண்டிஷ்மன் ஊட்டிய ஆர்வத்தால் 1812-இல் பாரிஸ் சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்தொன்று. ஹாமில்டனோ முன்னரே நாடு திரும்பிவிட்டார். வடமொழிக்கு முறையான வகுப்பு ஏதும் பாரிஸில் இல்லை. லண்டனிலும் வங்காளத்திலும் அச்சான இலக்கண நூல்கள், நெப்போலியன் இங்கிலாந்தின் வாணிகத்தைத் தடுத்து வைத்திருந்த காலமாதலால், எளிதில் கிட்டவில்லை. ஷேஸியின் நட்பும், சில்வெஸ்தர் த சாஸி என்னும் அரபுப் பேராசிரியரின் வகுப்பும், நூலகத்துச் சுவடிகளும் அவருக்கு வாய்த்தன. பின்னர்ப் பவேரிய அரசின் உதவியும் கிடைத்தது.

பாப் பாரிஸில் வாழ்ந்த நான்கு ஆண்டுகளும் ஐரோப்பிய வரலாற்றில் ஓய்வறியாத ஆண்டுகள். நெப்போலியனின் படை ருஷ்யாவில் அழிந்தது. 1814 மார்ச்சில் பகைவர் படை பாரிஸ் நகருள் புகுந்தது. மறு ஆண்டு நெப்போலியன் மீண்டு வந்து வாட்டர்லூவில் வீழ்ந்தான். மன்னர் போவதும் வருவதுமாக இருந்த அந்நாட்களில், இந்த இளைஞர் மகாபாரதச் சுவடியையும் இராமாயணச் சுவடியையும் எழுத்தெழுத்தாகப் படித்துக் கொண்டிருந்தார்.

1816-இல் பிராங்பர்ட் நகரில் அவரது முதல் நூல் வெளிவந்தது. வடமொழி வினைச்சொற்களின் அமைப்பைக் கிரேக்கம், இலத்தீன், பாரசீகம், ஜெர்மானியம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு ஆராய்ந்த நூல் அது. இம்மொழிகள் ஒரு மூலத்தினின்றும் பிறந்திருத்தல் கூடும் என்று 1786-இலேயே வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் கூறியிருந்தார். பாப் அதனை வினையின் ஈறுகளைக் கொண்டு காட்டினார். இருக்கிறது என்பதற்கு வடமொழியில் 'அஸ்தி', கிரேக்கத்தில் 'எஸ்தி', இலத்தீனில் 'எஸ்த்', ஜெர்மன் மொழியில் 'இஸ்ட்'. இருக்கிறார்கள் என்பதற்கு வடமொழியில் 'ஸந்தி', இலத்தீனில் 'ஸுந்த்', ஜெர்மன் மொழியில் 'ஸிந்த்'. ஒரு சொல் மற்றொன்றைப் போல ஒலிப்பது தற்செயலாக இருக்கலாம். ஒருமையும் பன்மையுமாக அமைப்பு முழுவதும் ஒத்து வருவது தற்செயலாக இருத்தல் அரிது. ஒப்பியல் மொழிநூல் என்று இன்று பல்கலைக்கழகங்களில் பயிலப்படும் துறைக்கு இந்நூலே வாயில் என்பர். 1821-இல் பாப் பெர்லினில் பேராசிரியரானார்.

பாரிஸிலும் அதற்குள் மாறுதல் நேர்ந்தது. 1530-இல் தோன்றிய 'கொலேஜ் த பிரான்ஸ்' என்னும் கல்விக் கழகத்தில் 1814 இறுதியில் அரசாணையால் வடமொழிப் பீடம் ஒன்று நிறுவப்பட்டது. 1815 ஜனவரியில் ஷேஸி அங்கே தம் முதல் விரிவுரையை நிகழ்த்தினார். ஐரோப்பியக் கண்டத்தில் வடமொழிக்கென ஏற்பட்ட முதற் பீடம் அதுவே. அக்கழகத்தின் வழக்கம் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது. அங்கே தேர்வு இல்லை, பட்டம் இல்லை, கட்டணமும் இல்லை. விரும்பிய எவரும் சென்று அமர்ந்து கேட்கலாம். பிரெடெரிக் ஷ்லெகலின் தமையனார் ஆகஸ்ட் வில்லியம் ஐம்பது வயதை நெருங்கிய காலத்தில் பாரிஸ் வந்து, தம்மினும் மிக இளையவரான பாப்பின் துணையோடு வடமொழி கற்றார். 1818-இல் பான் நகரில் ஜெர்மனியின் முதல் வடமொழிப் பேராசிரியராகவும் ஆனார்.

ஓராண்டில் இரு நகரங்கள்

பாப்பின் நூல் வெளியான அதே 1816-ஆம் ஆண்டில், சென்னையிலும் அதற்கு இணையான ஒரு செய்தி நிகழ்ந்தது. காம்பெல் என்பவர் ஆங்கிலத்தில் இயற்றிய தெலுங்கு இலக்கணத்துக்கு முகவுரைக் குறிப்பு எழுதிய எல்லிஸ் துரை, தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலிய தென்மொழிகள் வடமொழியினின்றும் பிறந்தவை அல்ல, அவை தமக்குள் உறவுடைய தனியினம் என்று சான்றுகளுடன் எடுத்துக் காட்டினார். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவருவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னர் எழுதப்பட்டது இது.

இவ்விரு முயற்சிகளுக்கும் உள்ள வேற்றுமையை நோக்குவோம். எல்லிஸ் வாழ்ந்தது சென்னைக் கல்விச் சங்கத்தின் சூழல். தமிழ்ப் புலவரும் தெலுங்குப் பண்டிதரும் அவர் அருகில் இருந்தனர். ஐயம் எழுந்தால் கேட்கலாம். வழக்கை அறிய வீதிக்குச் செல்லலாம். பாப்புக்கோ எதிரே இருந்தது சுவடி ஒன்றே. வடமொழியை ஓதக் கேட்டு வளர்ந்த ஒருவரைக்கூட அவர் பாரிஸில் கண்டிலர். இருவரும் உண்மையைக் கண்டனர். ஆனால் ஒருவர் செவியும் கண்ணும் கொண்டு கண்டார். மற்றவர் கண் ஒன்றே கொண்டு கண்டார். பாரிஸ் கல்வியின் பெருமையும் குறையும் இதனுள் அடங்கும்.

இக்குறை பாப் ஒருவருக்கே உரியதன்று. கார்சின் த தாஸி என்பவர் 1828 முதல் 1878 வரை ஐம்பது ஆண்டுகள் பாரிஸில் இந்துஸ்தானி மொழியைக் கற்பித்தார். இந்திய மண்ணை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை. ஷேஸிக்குப் பின் 1832-இல் வடமொழிப் பீடம் ஏறிய பேரறிஞர் யூஜீன் பூர்னூப் அவர்களும் இந்தியாவைக் கண்டதில்லை.

இரவைப் பங்கிட்ட மாணவர்

பூர்னூப் அவர்களின் காலமே பாரிஸ் குருகுலத்தின் பொற்காலம். நார்வே நாட்டினரான லாஸன் அவரோடு சேர்ந்து 1826-இல் பாலிமொழி பற்றிய நூலை வெளியிட்டார். நேபாளத்திலிருந்து ஹாட்ஜ்ஸன் அனுப்பிய பௌத்தச் சுவடிகளைப் படித்து, 1844-இல் இந்திய பௌத்த வரலாற்று நூலைப் பூர்னூப் எழுதினார். அவரது இருக்கு வேத வகுப்பில் 1845-இல் வந்து அமர்ந்த மாணவருள் ஒருவர்தாம் நம் நாடு நன்கறிந்த மாக்ஸ் முல்லர்.

டெஸ்ஸா நகரில் 1823-இல் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர் முல்லர். லைப்சிக்கில் பட்டம் பெற்று, பெர்லினில் பாப்பின் வகுப்பில் அமர்ந்து, பின்னர் 1845 மார்ச்சில் பாரிஸ் வந்தார். கையிற் பொருள் இல்லை. பிறருக்காகச் சுவடிகளைப் பெயர்த்தெழுதியும் ஒப்பு நோக்கியும் அதனால் வந்த சிறு ஊதியத்தைக் கொண்டு வாழ்ந்தார். பகலில் கற்பதும் இரவில் எழுதுவதுமாகக் காலம் போதாமையால், இரவுகளையும் பங்கிட்டுக் கொண்டதாகத் தம் வரலாற்றில் அவரே குறித்துள்ளார். ஓர் இரவு முழுதும் கண் விழித்தல். மறு இரவு உடுத்த உடையோடு சில நாழிகை சாய்தல். மூன்றாம் இரவு உறக்கம். இவ்வாறு ஒழுங்கு செய்துகொண்டார். இருக்கு வேதத்தின் சில பகுதிகளை மட்டும் வெளியிட எண்ணியிருந்த அவரை, சாயண உரை முழுவதோடும் வெளியிடுமாறு ஊக்கியவர் பூர்னூப். முல்லர் 1846-இல் இங்கிலாந்து சென்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பொருளுதவியால் 1849-இல் முதல் தொகுதியும், 1874-இல் ஆறாவதாகிய இறுதித் தொகுதியும் வெளிவந்தன. இருபத்தோராவது வயதில் பாரிஸில் ஏற்ற சுமையை ஐம்பதாவது வயதிலே அவர் இறக்கி வைத்தார்.

அவர் பாரிஸில் வாழ்ந்த காலத்தில் துவாரகநாத தாகூர் அவர்களும் அந்நகரில் பெருஞ்செல்வராகத் தங்கியிருந்தார். கவியரசர் இரவீந்திரரின் பாட்டனார் அவர். பூர்னூப் தாம் பதிப்பித்த பாகவத புராணத்தை அவருக்குப் பரிசளித்தார். ஒரு பக்கம் வடமொழி மூலம். எதிர்ப்பக்கம் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. துவாரகநாதர் பிரெஞ்சுப் பக்கத்தின்மேல் கைவைத்து, இதனைப் படிக்க முடியுமானால் எவ்வளவு நன்று என்றாராம். பிரெஞ்சுக்காரர் வடமொழிக்கு ஏங்க, வங்காளத்தார் பிரெஞ்சுக்கு ஏங்கிய விந்தையை முல்லர் பின்னாளில் எழுதி வைத்தார்.

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் ஆழமுடையது. துவாரகநாதர் ஐரோப்பிய இசையில் வல்லவர். அவர் பாட முல்லர் பியானோ வாசிப்பது வழக்கம். ஒருநாள் இந்திய இசையைப் பாடுமாறு முல்லர் வேண்டினார். அவர் பாடிய பாட்டில் இனிமையையோ ஒழுங்கையோ தாம் காணவில்லை என்று முல்லர் வெளிப்படையாகக் கூறிவிட்டார். துவாரகநாதருக்குச் சினம் வந்தது. ஐரோப்பியராகிய நீங்கள் எல்லாரும் ஒரே தன்மையர். பழகாத ஒன்று காதில் விழுந்தவுடனே முகத்தைத் திருப்பிக் கொள்கிறீர்கள். இத்தாலிய இசையை முதலிற் கேட்டபோது எனக்கும் அது இசையாகத் தோன்றவில்லை. விடாது கேட்டேன், பின்னர் விளங்கிற்று என்னும் கருத்துப்பட அவர் கடிந்தாராம். வேதத்தின் எழுத்தை இரவு பகலாகக் காத்த மாணவருக்கு, அவ்வெழுத்துப் பிறந்த நாட்டின் ஒலி எட்டவில்லை. அக்கடிந்துரையை மறைக்காமல் எழுதிய முல்லரின் நேர்மையைப் போற்றுகிறோம். அவரும் இந்தியாவுக்கு வந்ததில்லை; 1900-இல் ஆக்ஸ்போர்டில் மறைந்தார்.

தமிழுக்கு வாய்த்தவர்

வடமொழிக்குக் கிட்டிய பீடமும் புகழும் பாரிஸில் தமிழுக்கு உடனே கிட்டவில்லை. ஆயினும் தமிழ் முற்றும் மறக்கப்பட்டதும் இல்லை. பூர்னூப் தம் இளமையில் தமிழ் நெடுங்கணக்கைப் பற்றி ஆசிய ஆராய்ச்சிச் சங்கத்தின் இதழில் எழுதினார். அவரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த அரியேல் என்பவர் புதுச்சேரியில் பணி புரிந்துகொண்டே தமிழ்ச் சுவடிகளைத் திரட்டினார். திருக்குறளின் பகுதிகளைப் பிரெஞ்சில் பெயர்த்து 1848-இல் அவ்விதழில் வெளியிட்டார். 1854-இல் இளவயதிலேயே அவர் மறைந்தார். அவர் தேடிய சுவடிகள் பாரிஸ் தேசிய நூலகத்தைச் சென்றடைந்தன.

அச்சுவடிகளுக்கும் உரிய ஆசிரியர் ஒருவர் பின்னர் வந்தார். அவரே ஜூலியன் வின்ஸோன். 1843-இல் பாரிஸில் பிறந்த அவர் வளர்ந்தது காரைக்காலில். தமிழை அவர் முதலில் கற்றது சுவடியில் அன்று, தமிழர் நடுவே. பின்னர்ப் பிரான்சு சென்று வனத்துறைக் கல்வி பயின்று அத்துறையிலே அலுவல் பார்த்தார். ஆனால் இளமையிற் செவியேறிய மொழி அவரை விட்டபாடில்லை. 1879 முதல் பாரிஸ் கீழைமொழிப் பள்ளியில் இந்துஸ்தானியும் தமிழும் கற்பிக்கும் ஆசிரியரானார். 1903-இல் பிரெஞ்சு மாணவர்க்கெனத் தமிழ்க் கையேடு ஒன்றை வெளியிட்டார். மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களின் பதிப்புகளைக் கண்டு மகிழ்ந்து, தமிழிலேயே அவருக்குக் கடிதங்கள் எழுதினார். அச்செய்தியை ஐயரவர்களின் 'என் சரித்திரம்' கூறுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் நம்மவரும் அக்குருகுலத்தை நாடினர். லண்டனில் டாக்டர் பட்டம் பெற்ற சுநீதி குமார் சட்டர்ஜி அவர்கள் 1921-22-இல் பாரிஸ் சென்று ஜூல் பிளாக் முதலிய பேராசிரியரிடம் பயின்றார். 1926-இல் வங்க மொழியின் பிறப்பும் வளர்ச்சியும் பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஜூல் பிளாக் 1946-இல் திராவிட மொழிகளின் இலக்கண அமைப்பைப் பற்றித் தனிநூல் எழுதினார். 1970-இல் மூன்றாவது உலகத் தமிழ் மாநாடு பாரிஸிலேயே கூடிற்று. 1795-இல் தோன்றிய அந்தக் கீழைமொழிப் பள்ளியின் வழிவந்த கல்வி நிலையத்தில் இன்றும் தமிழ் பயிற்றப்படுகிறது.

நமக்கு உரிய பாடம்

இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத் தக்கது யாது? மொழி மண்ணை விட்டு நீங்கினால் மாய்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை என்பது முதற் செய்தி. யாவர்க்கும் திறந்த நூலகம், கட்டணமின்றிக் கேட்கத்தக்க வகுப்பு, கையால் எழுதிக் கற்கும் பொறுமை ஆகிய மூன்றும் கூடினால், ஆயிரக்கணக்கான கல்லுக்கு அப்பாலும் ஒரு மொழி வாழும். பாரிஸ் மாணவர்க்கு அம்மொழி பேசும் தாயும் இல்லை, பாட்டியும் இல்லை, இருந்தும் கற்றார்கள்.

எழுத்து மட்டும் இருந்தால் போதாது என்பது இரண்டாவது செய்தி. இசை கேட்டு முகம் சுளித்த முல்லர் அதற்குச் சான்று.

நம் பிள்ளைகளின் நிலை இதற்கு நேர்மாறானது. பாரிஸ் மாணவர்க்கு இல்லாதிருந்த செல்வம் நம் பிள்ளைகளிடம் உண்டு. அவர்களிடம் இருந்த செல்வம் நம் பிள்ளைகளிடம் இல்லை. தாய் அழைப்பதும், பாட்டி கதை சொல்வதும், அண்டை வீட்டு மாமி வைவதும் தமிழிலே அவர்கள் செவியில் விழுகின்றன. ஆனால் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் அவர்களுள் பலர், ஊரிலிருந்து தாத்தா எழுதும் கடிதத்தைப் பிறரிடம் கொடுத்துப் படிப்பிக்க வேண்டிய நிலையில் உள்ளனர். பாப் கண்ணால் கற்றார், செவிக்கு ஒன்றும் கிட்டவில்லை. நம் சிறுவர் செவியால் கற்கின்றனர், கண்ணுக்கு ஒன்றும் கிட்டவில்லை. செவியும் கண்ணும் கூடியவரோ வின்ஸோன். காரைக்காலில் கேட்ட தமிழைப் பாரிஸில் படித்துப் பரப்பிய அவர் ஒருவரே நம் குடும்பங்களுக்கு உரிய முன்மாதிரி என்று கூறலாம்.

அவ்வாறு ஆவது அரிதன்று. செவிக்கல்வியை வீடு தருகிறது. கண்ணுக்குரிய கல்வியைத் தருவது சங்கத்தின் கடமை. ஞாயிறுதோறும் ஒரு நாழிகை வகுப்பு, கைக்கெட்டும் நூலகம், மாதம் ஒருமுறை ஊருக்குத் தமிழில் எழுதும் கடிதம் ஆகியவை போதும். முதியோரும் நாணாது வகுப்பில் அமரலாம்; ஐம்பதை நெருங்கியும் இளையவர் துணையோடு எழுத்துக் கற்ற ஆகஸ்ட் ஷ்லெகல் நமக்கு முன்னே இருக்கிறார்.

பாரிஸ் நூலகத்தில் அறுபது ஆண்டுகள் உறங்கிய ஏடுகள் ஒரு மாணவன் வந்தவுடன் விழித்துக் கொண்டன. நம் வீட்டுப் பரணிலும் அலமாரியிலும் உறங்கும் தமிழ் நூல்களும் நம் பிள்ளைகளின் வரவை எதிர்நோக்கியுள்ளன. அவர்கள் கையில் அவற்றைக் கொடுப்போமாக. வாழ்க தமிழ்!